மயில்கழுத்துக்கு ஒரு ஸ்டாண்டு

இல்லை, கார்பன் இல்லை. அலுமினியம்தான். நீ முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய். கார்பன் கால் இன்னும் எடை குறைவு, குளிர்காலத்தில் தொட்டால் சில்லென்று இருக்காது, எல்லாம் உண்மைதான். அந்த விலைக்கு நம் கேமராவைப் போல இன்னொரு பழைய கேமரா வாங்கிவிடலாம் என்பதும் உண்மை.

கூடத்தில் ஸ்டாண்டை விரித்து வைத்திருக்கிறேன். மூன்று கால், ஒரு தலை, ஒரு துணிப்பை. புது ரப்பர் வாசனை. அதற்கு அடியில் லேசாக எண்ணெய். சைக்கிள் கடை வாசலைக் கடக்கும்போது வருமே, அது. முகர்ந்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பத்து மாதமாக அப்படித் தோன்றும்போதெல்லாம் போனை எடுப்பேன், உன் பெயர் வரை போவேன், கீழே வைத்துவிடுவேன். இன்று காகிதம் எடுத்தேன்.

செய்தி இதுதான். நாளை காலை செல்வி அக்கா வீட்டுக்குப் போகிறேன். கேமராவோடு.

ஆமாம், சின்ன காஞ்சிபுரத்துச் செல்வி அக்காதான். இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று நம் இருவரையும் வாசலோடு அனுப்பியவர். ஒரு புடவையைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஒன்றே ஒன்று. நிறம் சரியாக வந்தால், ஆவணி முகூர்த்தத்துக்காகத் தன் சொந்தப் பட்டில் நெய்து வைத்திருக்கும் மற்ற ஆறு புடவைகளையும் எடுக்கலாம். வாங்குகிறவர்களுக்கு அவரே நேராக அனுப்புவார். சரியாக வராவிட்டால் ஏழும் கடைக்குப் போகும். கடையில் என்ன சொல்கிறார்களோ அதுதான் விலை. அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாரும் படம் எடுக்கப்போவதில்லை.

எனக்கும் அப்படித்தான். இது சரியாக வராவிட்டால் நான் மறுபடி கேமராவைத் தொடுவேனா என்று தெரியவில்லை.

*

அன்று நடந்ததை நாம் எப்போதும் சிரிப்பாகவே சொல்லிக்கொண்டோம். ஒரு முறை சிரிக்காமல் எழுதிப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. உனக்கு ஸ்டூடியோ லீவு. எனக்கு எம்.ஏ. முடிந்திருந்தது, வேலை தேடிக்கொண்டிருந்தேன், அதாவது வீட்டில் இருந்தேன். உன் முதலாளி புதிது வாங்கியபோது உனக்கு விட்டுக்கொடுத்த பழைய கேமரா கையில். செல்வி அக்கா தன் வீட்டுக் கூடத்தில், வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் கயிறு கட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு புடவை. காலையில் நீ எடுத்தாய், நின்றுகொண்டு. நீ நெட்டை. வாசல் நிலையில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பாய். மதியத்துக்கு மேல் நான் எடுத்தேன், தரையில் உட்கார்ந்து. முழங்காலில் முழங்கையை ஊன்றினால்தான் எனக்குக் கை ஆடாது.

நடுவில் சாப்பாடு. அப்போது அக்கா வீட்டுக்காரர் எடுத்தது, எடுக்காதது எல்லாவற்றையும் ஒன்றாக மடித்து ஒரே அடுக்காக வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, பட்டைத் தரையில் விட்டுவிட்டுச் சாப்பிட அவருக்கு மனம் வராது.

மாலையில் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் படங்களை வரிசையாக அடுக்கினாய்.

"பதிமூணு இருக்குதுடி."

"அக்கா ஒண்ணு கூட குடுத்திருப்பாங்க. போடு."

அதைச் சொன்னது நான். இத்தனை நாளும் நாம் சொன்ன கதையில் இந்த வரி யார் சொன்னது என்பதே வராது. நீ விட்டுவிடுவாய். இப்போது எழுதிவிட்டேன்.

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் மயில்கழுத்து என்றால் என்னவென்று சொல்லிவிடுவார்கள். நீளவாக்கில் ஓடுகிற பாவு நீலம். குறுக்கே போகிற ஊடை பச்சை. புடவை அசைந்தால் நிறம் மாறும். கையில் பிடித்துப் பார்க்கும்போது கண் இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறது. படத்தில் ஏதாவது ஒன்றுதான் நிற்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

நான்காம் எண், நீலம், நீ எடுத்தது. ஒன்பதாம் எண், பச்சை, நான் எடுத்தது. ஒரே புடவை. இரண்டு பேருக்கும் தெரியாது. வாட்ஸப் குழுவில் போட்ட அன்றே நீலத்தைக் கோயம்புத்தூரில் ஒருவரும் பச்சையைப் பெங்களூரில் ஒருவரும் கேட்டு உறுதி செய்துவிட்டார்கள். நம் இருவருக்கும் அன்று கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் செல்வி அக்கா புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நான் நெய்ஞ்சது ஒரு பொடவை. நீங்க எப்படி ரெண்டா வித்தீங்க? அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுங்க, தறிய எடுத்துட்டு நிம்மதியா படுத்துக்கினு இருக்கறேன்."

நீ சிரித்துவிட்டாய். அவரும் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு அன்றோடு முடிந்தது. கோயம்புத்தூர்க்காரர் பிரித்துப் பார்த்து, நீலம் கேட்டால் பச்சை வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். நிச்சயதார்த்தத்துக்கு வாங்கியதாம். பெங்களூர்க்காரர், புடவை இல்லை என்றதும், குழுவில் எல்லோரும் பார்க்கும்படி ஏமாற்று என்று எழுதினார். செல்வி அக்கா அந்தக் குழுவை நம் பேச்சை நம்பித்தான் தொடங்கியிருந்தார். முப்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்தவர், ஏமாற்று என்ற சொல் அவர் பெயருக்குப் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் முறை.

"இனிமே கேமராவ தூக்கினு இந்தப் பக்கம் வராதீங்கமா."

நான் செருப்பு மாட்டிக்கொண்டேன். நீ நகரவில்லை.

"ஸ்டாண்டு வாங்கினு வரோம்கா. அப்ப எடுத்துக் காட்றோம்."

"ஸ்டாண்டு வாங்கு, இல்ல சிம்மாசனம் வாங்கு. இப்ப கெளம்பு."

பஸ் ஸ்டாப்பில் நான் அழுதுகொண்டிருந்தேன். நீ விரலால் என் தலை உயரத்தையும் உன் தலை உயரத்தையும் காற்றில் அளந்தாய். "ஆளுக்கு ஒரு ஒசரத்துல நின்னா பொடவை இன்னாதான்டி பண்ணும்?"

*

அதற்குப் பிறகு ஸ்டாண்டு தேடினோம். தேடினோம் என்பதைவிட, ஒவ்வொன்றாகத் தோற்றோம்.

முதலில் உன் ஸ்டூடியோவின் கல்யாண வீடியோ ஸ்டாண்டு. ஒரு நாள் இரவல். எங்காவது எடுத்துப் பழகலாம் என்று திருமுக்கூடல் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்.

"இன்னாமா இது, பீரங்கியா?"

"வீடியோ ஸ்டாண்டுணா."

"இதுக்கு ஒரு சீட்டு போடவா, மடியில வெச்சிக்கிறியா?"

வழி முழுவதும் நம் இரண்டு மடிகளுக்கும் குறுக்கே அது படுத்துக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் காவல்காரர் நிறுத்தினார். கேமரா போகலாம், கால் வைத்தது உள்ளே வரக் கூடாது, அனுமதிக் கடிதம் வேண்டும்.

"எனக்கும்தான் ரெண்டு கால் இருக்குதுணா. நான் போலாமா?"

அவர் சிரித்தார். ஸ்டாண்டை விடவில்லை. அதனால் முறை போட்டுக்கொண்டோம். நீ உள்ளே போய்க் கல்வெட்டு பார்க்கும்போது நான் வெளியே ஸ்டாண்டுக்குக் காவல். நான் போகும்போது நீ. ஆற்றங்கரையில் ஒரு வழியாக விரித்து நிறுத்தினால், அதன் எடைக்கு ஒரு கால் மணலில் இறங்கிக்கொண்டே போனது. நீ பக்கத்தில் உட்கார்ந்து, தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய். "தூக்கினு போவ முடியாதது ஸ்டாண்டு இல்லடி. பர்னிச்சர்."

அடுத்தது நேர் எதிர். பஸ் நிலையம் பக்கத்துச் சந்தில் வாங்கியது, பிளாஸ்டிக். தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. தண்ணீர்க் குமிழி மட்டம், கைப்பிடி, கொக்கி, எல்லா அலங்காரமும் உண்டு. செவிலிமேட்டில் உன் வீட்டு மொட்டை மாடியில் கேமராவை மாட்டினோம். நின்றது. கைதட்டினோம். பிறகு மிக மெதுவாக, பிரசங்கம் கேட்கிற பெரியவரைப் போல, அது தலையைத் தொங்கப் போட்டது.

"நூறு எண்ணறதுக்குள்ள தூங்கிட்டான் பாரு."

அன்றிலிருந்து அதுதான் உன் சோதனை. பூட்டு, கையை எடு, நூறு எண்ணு, பிறகு பார். ஸ்டூடியோவுக்கு வருகிற ஒவ்வொருவரின் ஸ்டாண்டையும் எண்ணிப் பார்த்தாய். நடுக்கம்பியை உயர்த்துவது அவசரத்துக்கு மட்டும், உயரம் கால்களிலிருந்து வர வேண்டும் என்றாய். கால் ஐந்து துண்டாக மடிந்தால் சின்னதாகும், ஆனால் கடைசித் துண்டு பென்சில் போல இருக்கும் என்றாய். மூன்று கால்களையும் குறுக்குக் கம்பியால் கட்டிப்போட்டிருந்தால் தரைக்குப் பக்கத்தில் இறங்காது, தறிமேடையில் உதவாது என்றாய். பிளாஸ்டிக் ஸ்டாண்டை உன் அம்மா எடுத்துக்கொண்டார். போன் வைத்து அவர் தங்கையோடு பேச. போனின் எடைக்கு அது இன்னும் தூங்கவில்லை.

சரியானதை வாங்குவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மழை. காய்ச்சல். ஒன்பது நாள்.

இதற்கு மேல் அந்த மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

*

உன் நினைவு ஜெபம் முடிந்த மறுநாள் உன் அம்மா கேமராவை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தார். "நீயே வெச்சிக்கமா. இங்க இருந்தா லென்சுல பூஞ்சை புடிச்சிரும். அவ திட்டுவா." திட்டுவாள் என்றுதான் சொன்னார், திட்டியிருப்பாள் என்று இல்லை.

மாதம் ஒரு முறை பேட்டரிக்குச் சார்ஜ் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஆடியில் மாவு மில்லில் செல்வி அக்காவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவரே கேட்டார்.

"இன்னா, ஒண்டியா வந்துகினு இருக்கற? நெட்டையா ஒண்ணு உன்கூடவே சுத்துமே, எங்க அது?"

சொன்னேன். மில் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் மாவு கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாண்டு வாங்கினு வரேன்னுச்சே."

நான் தலையை ஆட்டினேன்.

"நீ வாங்கினு வா. ஒண்ணு எடு, பாக்கறேன்." டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் திரும்பி வந்தார். "பாவம்னு கூப்புடறேன்னு நெனச்சிக்காத. சரியா வரலைன்னா அன்னைக்கு மாரியேதான் அனுப்புவேன்."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. பத்து மாதத்தில் என்னிடம் ஜாக்கிரதை பார்க்காமல் பேசிய முதல் ஆள்.

இன்று காலை பாய் கடைக்குப் போனேன். கேமரா ரிப்பேர் செய்வாரே, அவர்தான். நம் கேமராவையும் கொண்டுபோனேன். மூன்று ஸ்டாண்டு எடுத்துப் போட்டார். ஒன்று கைப்பைக்குள் அடங்குவது, கால் ஐந்து துண்டு. கடைசித் துண்டைத் தொட்டதுமே ஆடியது. அதை ஓரமாக வைத்தேன்.

இரண்டாவது நெட்டை. விரித்து நிறுத்தினால் நடுக்கம்பியைத் தொடாமலே உன் கண் உயரம் வந்தது. நான் அதன் பக்கத்தில் நின்றேன். என் தலைக்கு மேல் கொஞ்சம் போனது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பிறகு மடித்துத் தூக்கிப் பார்த்தேன். அதோடு டவுன் பஸ்ஸில் என்னால் ஏற முடியாது. ஏறினாலும் இறங்க முடியாது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்று செய்ததில் கஷ்டமான காரியம் அதுதான்.

மூன்றாவது, என் காலேஜ் பையில் போட்டால் தலை மட்டும் வெளியே தெரிகிறது. கால் நான்கு துண்டு. என் தாடை வரை வருகிறது. ஒவ்வொரு காலும் தனியாக அகலும், முழங்கால் அளவுக்கு இறங்கும். தலை, உருண்டைத் தலை, ஒரே திருகு. கேமராவை மாட்டி, எதிர்க் கடைப் பலகையில் ஓர் எழுத்தை நடுவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

"இன்னாமா, நின்னுகினே தூங்கிட்டியா?"

"எண்றேன் பாய்."

"இன்னாத்த?"

"நூறு. தலை சாயுதான்னு."

அவர் ஃபேனை நிறுத்தினார். அறுபதுக்கு மேல் அவரும் சேர்ந்து எண்ணினார். நூறு முடிந்தபோது எழுத்து அதே இடத்தில் இருந்தது. "பேஜார் புடிச்ச வேல," என்றார், சந்தோஷமாக. விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். குறைத்தார். இன்னும் கேட்டேன். "இதுக்கு மேல கொறச்சா மூணு காலையும் தனித்தனியா வித்தாத்தாம்மா எனக்குக் கட்டும்."

நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் அக்கா. இத்தோடு நிறுத்துகிறேன்.

*

மேலே இருப்பது நேற்று எழுதியது. மிச்சம் இன்று.

செல்வி அக்கா கயிறு கட்டி வைத்திருந்தார். புடவையைப் பிரித்தார். மயில்கழுத்து.

"அதே பாவு, அதே ஊடை. உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்."

ஸ்டாண்டை விரித்தேன். உயரம் எவ்வளவு என்பதை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நீ நின்ற உயரமும் வேண்டாம், நான் உட்கார்ந்த உயரமும் வேண்டாம், நடுவில். என் நெஞ்சளவு. அதுதான் நியாயம் என்று நினைத்தேன். எடுத்தேன். அக்கா கேமராவின் திரையில் குனிந்து பார்த்தார்.

"இது யாரு பொடவை? என்னுது இல்ல."

அவர் சொன்னது சரி. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மழை நாள் வானம் போல ஒரு சாம்பல். ஆடாமல், துல்லியமாக, ஒவ்வொரு இழையும் தெரிய, வேறு யாருடையதோ ஒரு புடவை. மறுபடி எடுத்தேன். அதேதான். ஸ்டாண்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று நீயும் நானும் நம்பியிருந்தோம். வாங்கியாகிவிட்டது.

அக்கா புடவையின் ஓரத்தைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார்.

"அக்கா, ஒரு நிமிஷம். உங்களுக்கு இது இன்னா கலரு?"

"எதுக்கு?"

"சொல்லுங்கக்கா."

கையை நிறுத்தினார். "தறியில குந்திகினு பாக்கறப்போ பச்சை. கட்டிகினு எதுர்ல ஒருத்தி வரா பாரு, அப்போ நீலம்." பிறகு எரிச்சலோடு, "ரெண்டும்தாம்மா அது. அதுக்குத்தான மயில்கழுத்துன்னு பேரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் படம் பிழையில்லை. என் படமும் பிழையில்லை. அவற்றுக்கு இரண்டு எண் போட்டதுதான் பிழை.

அக்காவிடம் சாக்பீஸ் கேட்டேன். மூன்று ரப்பர்க் காலைச் சுற்றியும் தரையில் வட்டம் போட்டேன். புடவையைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். முதலில் கால்களைச் சுருக்கி, நான் உட்கார்ந்து பார்க்கிற உயரத்துக்கு இறக்கி ஒன்று எடுத்தேன். பச்சை. பிறகு வட்டத்தைவிட்டு நகராமல் ஒவ்வொரு காலாக நீட்டி, நடுக்கம்பியையும் முழுக்க உயர்த்தினேன். அவசரத்துக்கு மட்டும் என்பாயே, இது அவசரம். ஆடாமல் இருக்கக் கீழ்க் கொக்கியில் என் பையை மாட்டினேன். நீ நின்ற உயரம் வந்தது. எட்டி அழுத்தினேன். நீலம்.

இரண்டையும் போனுக்கு மாற்றி அக்கா கையில் கொடுத்தேன். அதே மடிப்பு, அதே இடத்தில் கரை, அதே மூலையில் ஒரு சுருக்கம்கூட. விரலால் தள்ளினால் புடவை அப்படியே நிற்கிறது, நிறம் மட்டும் பச்சையிலிருந்து நீலத்துக்குத் திரும்புகிறது. கையில் பிடித்து அசைத்தது போல. ஒரே புடவை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அக்கா தள்ளினார். திரும்பத் தள்ளினார். உள்ளே தறியில் இருந்த தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். தறிச் சத்தம் நின்றது. அவர் வந்து பார்த்து, தானும் இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். தறிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"எவ்ளோ நேரம் ஆவும் ஒண்ணுக்கு?" என்றார் அக்கா.

"அர மணி நேரம்கா. மத்ததையும் எடுக்கறோம்."

எடுக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன், அப்படித்தான் வந்தது. அவர் என் பின்னால் யாரும் இல்லாத இடத்தை ஒரு தரம் பார்த்தார். திருத்தவில்லை.

"எடுங்க," என்றார். அடுத்த புடவையைப் பிரிக்கப் போனார்.

பத்து மாதமாக எனக்கு மிஞ்சியது எது என்று தேடிக்கொண்டிருந்தேன். கேமரா, டப்பா, உன் பழைய செய்திகள். இன்று தெரிந்தது, அந்த 'றோம்' மிஞ்சியிருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீ இருந்த உயரத்திலிருந்து ஒரு முறை, நான் இருக்கிற உயரத்திலிருந்து ஒரு முறை. இனி எதையும் பார்க்க எனக்கு அந்த இரண்டும் வேண்டும்.

ஏழு புடவையும் முடிய மணி இரண்டாகிவிட்டது. ஒரு புடவைக்கு இரண்டு படம், ஒரே எண் என்று அக்கா கண் முன்னாலேயே குழுவில் போட்டேன். யாரும் இன்னும் பதில் எழுதவில்லை. ஸ்டாண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செவிலிமேடு பஸ் ஏறினேன். உன் அம்மா வேலைக்குப் போயிருந்தார். வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து, ஏழு புடவையையும் காட்டிவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.